பழைய காமிக்ஸ்: கிரேடிங் செய்து ஸ்லாப்பில் அடைப்பதா, மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போட்டு வைத்தால் போதுமா?

மஞ்சள்தாள் எழுதியது:

வணக்கம். இதுவரை படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா தன்னிடம் இருந்த பழைய காமிக்ஸ் பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டார். பெரும்பாலும் 60களின் கடைசியிலிருந்து 80கள் வரை வந்த அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழ்கள், கூடவே 90களின் தொடக்கத்தில் வந்த பளபளப்பு அட்டை இதழ்களும் நிறைய. சிலது நேற்று அச்சடித்த மாதிரி இருக்கிறது. சிலதில் ஓரம் பழுப்பாகிவிட்டது, ஒன்றிரண்டில் பின் (தாள்களைக் கோத்திருக்கும் ஸ்டேப்ளர் பின்) துருப்பிடித்து அட்டையில் கறை இறங்கியிருக்கிறது, நாலைந்தில் முதுகுப் பக்கம் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறது (சின்ன வயதில் மாமாவே ஒட்டியதாம்). எல்லாமே ஏதோ ஒரு பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கின்றன. ஆனால் சில உறைகள் பிசுபிசுவென்று, அலை அலையாக ஆகிவிட்டன.

வீடியோக்களில் பார்த்தால் எல்லோரும் சிஜிசிக்கு (இதழின் நிலையைப் பார்த்து எண் போடும், அதாவது கிரேடிங் செய்யும் நிறுவனம்) அனுப்பி, எண் போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் ('ஸ்லாப்' என்கிறார்கள்) வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். அதற்குள் போய்விட்டால் காற்று, ஈரம் எதுவும் அண்டாது, இதழ் அப்படியே நின்றுவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? எல்லாவற்றையும் அனுப்ப வசதியில்லை, எதை அனுப்புவது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது? அனுப்புவதற்கு முன் 'பிரஸ்ஸிங்' (சூட்டில் அழுத்தித் தட்டையாக்குவது) செய்ய வேண்டும் என்கிறார்களே, அது இதழைக் கெடுக்காதா? விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, ஆனால் ஒரு நாள் விற்க வேண்டி வந்தால் மதிப்பு போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.


நடுப்பக்கம் எழுதியது:

வாங்க நண்பரே. முதலில் ஒரு வேலை: எதையும் எங்கும் அனுப்பாதீர்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கை கழுவித் துடைத்துவிட்டு, தட்டையான மேசைமேல் வைத்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை மெதுவாகப் புரட்டுங்கள். துணிக் கையுறை வேண்டாம், தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் போய் அதிலேயே கிழியும். 180 டிகிரி விரிக்கவும் வேண்டாம், பாதி திறந்து பார்த்தாலே போதும்.

எதைத் தேடுவது? பக்கம் குறைகிறதா என்பதைத்தான் முதலில். நடுவில் இருக்கும் இரட்டைத் தாள் பின்னிலிருந்து கழன்று விழுந்திருக்கும், அட்டை மட்டும் அற்புதமாக இருக்கும், அதைப் பத்துக்கு 9 என்று நினைத்து அனுப்புவார்கள், 0.5 போட்டு வரும். அப்புறம் 70களின் மார்வெல் இதழ்கள் என்றால் வாசகர் கடிதப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 1974 முதல் சில வருடம் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு சின்னச் சதுரம் அச்சடித்து, வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார்கள். பிள்ளைகளும் சமர்த்தாக வெட்டி ஒட்டினார்கள். வோல்வரின் என்ற பாத்திரம் முழுதாக வரும் முதல் இதழ் என்று எல்லோரும் துரத்துகிற இன்க்ரெடிபிள் ஹல்க் 181, அதே 1974, அதிலும் இந்த ஸ்டாம்ப் உண்டு. ஸ்டாம்ப் இல்லாத 181க்கும் இருக்கிற 181க்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை நினைத்தால் அந்தக் காலத்துக் கத்தரிக்கோல்கள் மேலெல்லாம் கோபம் வரும்.

கிரேடு விஷயம். 0.5இல் தொடங்கி 10.0 வரை, மொத்தம் 25 படிகள். கீழே படிகள் பெரும்பாலும் அரை அரையாக ஏறும், 9க்கு மேலே போனால் 9.2, 9.4, 9.6, 9.8, 9.9 என்று நெருங்கிவிடும். பணமெல்லாம் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. முதுகில் பின்னைச் சுற்றி வரும் சின்னச் சின்னக் கோடுகள் (ஸ்பைன் டிக் என்போம்), மூலை மழுங்கல், அட்டையில் மடிப்பு, எல்லாம் எண்ணப்படும். இதில் ஒரு விதியை மனதில் வையுங்கள்: மடிப்பில் மை உடைந்து வெள்ளை தெரிகிறதா, இல்லை மை அப்படியே இருந்து வெறும் வளைவாக இருக்கிறதா? வெள்ளை தெரிந்தால் அது நிரந்தரம். அந்தக் காலத்தில் சந்தாதாரருக்குத் தபாலில் நீளவாக்கில் இரண்டாக மடித்து அனுப்புவார்கள், அந்த மடிப்புள்ள இதழ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மேலே ஏறாது. விற்பனை முகவர் அட்டையில் குத்திய தேதி முத்திரைக்கு மட்டும் அவ்வளவாகக் குறைக்க மாட்டார்கள்.

லேபிளின் நிறமும் எண்ணுக்குச் சமமான விஷயம். நீலம் என்றால் வழக்கமானது. மஞ்சள் என்றால் நிறுவனத்தின் ஆள் முன்னிலையிலேயே போட்ட கையெழுத்து. பச்சை என்றால் 'இது இப்படி, ஆனால்' என்று ஒரு குறையைத் தனியாகச் சொல்லும் லேபிள், ஸ்டாம்ப் வெட்டியது, சாட்சி இல்லாத கையெழுத்து மாதிரி. ஊதா என்றால் ரெஸ்டோர் செய்தது, அதாவது நிறம் தீட்டியது, துண்டு ஒட்டியது, இப்படி. சந்தையில் ஊதாவைக் கண்டால் பலர் ஓடுவார்கள், எனக்கு அதில் பாதி ஓட்டம் மூடநம்பிக்கை என்றே தோன்றும். படிக்கவோ பார்த்து ரசிக்கவோ ஒரு பழைய பெரிய இதழ் வேண்டும் என்றால் ஊதாதான் கைக்கு எட்டும்.

எதை அனுப்புவது என்று கேட்டீர்கள். 90களின் பளபளப்பு இதழ்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, வாங்கியவர்கள் எல்லோரும் 'முதலீடு' என்று உறையில் போட்டு வைத்தார்கள், அதனால் இன்றும் எல்லாமே புத்தம்புதிதாகக் கிடைக்கின்றன. 60, 70களில் ஒரு பாத்திரம் முதலில் வரும் இதழ், ஒரு தொடரின் முதல் இதழ், இந்த மாதிரி இருந்தால் மட்டும் எடுத்து வையுங்கள். கட்டணம், போக வர காப்பீட்டோடு அனுப்பும் செலவு, பிரஸ்ஸிங் எல்லாம் கூட்டிப் பாருங்கள். கிரேடு போட்டதால் ஏறும் மதிப்பு அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டவில்லை என்றால் நீங்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத்தான் வாங்குகிறீர்கள். அந்தக் கணக்கைப் போடும்போது 9.8 வரும் என்று வைத்துப் போடாதீர்கள், நீங்கள் நினைப்பதிலிருந்து இரண்டு படி கீழே வைத்துப் போடுங்கள். சொந்த இதழ் எல்லோர் கண்ணுக்கும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.


தாள்வைத்தியர் எழுதியது:

ஸ்லாப்பில் போட்டால் இதழ் 'அப்படியே நின்றுவிடும்' என்று சொன்னவரிடம் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, வெயிலில் வைக்கச் சொல்லுங்கள்.

நான் காகிதப் பாதுகாப்பில் வேலை செய்கிறவன், காமிக்ஸும் சேர்ப்பேன், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்தக் கால காமிக்ஸின் உள்தாள் நியூஸ்பிரிண்ட். மரத்தை அப்படியே அரைத்த கூழ், அதிலுள்ள லிக்னினை (மர இழைகளைப் பிணைத்து வைக்கும் பொருள்) நீக்குவதில்லை. லிக்னின் ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் மஞ்சளாகும். தாளிலேயே இருக்கும் அமிலமும், பழுக்கப் பழுக்கப் புதிதாக உண்டாகும் அமிலமும் சேர்ந்து செல்லுலோஸ் இழையின் நீளத்தை வெட்டிக்கொண்டே போகும். இழை குட்டையானால் தாள் நொறுங்கும். நோய் தாளுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பெட்டி போட்டு அதை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க முடியும். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பமும் ஈரமும்தான். காகிதத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, சுமார் 5 டிகிரி சூடு கூடினால் சிதையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்த ஒரு வரியை மட்டும் நம்பினாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி இல்லை. உள்ளே ஒரு மெல்லிய உறை, வெளியே கெட்டியான கூடு, ஓரங்களை இணைத்திருப்பார்கள், ஆனால் காற்றும் நீராவியும் மெதுவாக உள்ளே போய் வரும். தண்ணீரில் விழுந்தால் உள்ளே நனையும். முழுக்க அடைத்துவிடாமல் இருப்பது நல்லதும்கூட, ஏனென்றால் தாள் விடும் அமில வாயுக்கள் வெளியே போக வழி வேண்டும். பழைய புத்தக வாசனை என்று ஆசையாக முகர்கிறோமே, அது அந்தத் தாள் சிதைகிற வாசனை. அந்த வாயுவைப் பிடிப்பதற்காகத்தான் அட்டைக்கு உள்பக்கம் 'மைக்ரோசேம்பர்' என்ற ஒரு தாளைச் செருகுகிறார்கள். நல்ல யோசனை, ஆனால் அதன் கொள்ளளவும் ஒரு நாள் நிறையும்.

இன்னொரு பக்கம் 'மைல் ஹை' சேகரிப்பை நினைத்துப் பாருங்கள். எட்கர் சர்ச் என்ற கொலராடோக்காரர் 30களின் கடைசியிலிருந்து 50களின் தொடக்கம் வரை வாங்கிச் சேர்த்தது, 1977இல் வெளியே வந்தது, 18,000 முதல் 22,000 இதழ்கள் வரை என்கிறார்கள். ஸ்லாப் இல்லை, மைலார் இல்லை, எதுவுமே இல்லை. தரைக்குக் கீழ் அறையில் உயரமாக அடுக்கியிருந்தார், அவ்வளவுதான். குளிர்ச்சி, வறண்ட காற்று, இருட்டு, மேலே இருந்த எடையால் தட்டையாக இறுகி நின்ற அடுக்கு. தாள்கள் இன்றும் வெள்ளையாக இருக்கின்றன, கிரேடிங்கில் அந்தச் சேகரிப்பின் பெயரையே லேபிளில் போடுகிறார்கள். அதே வருடத்து இதழ் சூடான பரணில் கிடந்திருந்தால் கையில் எடுக்கும்போதே பொடியாகும்.

ஆகவே பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல ஈரமானி. 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், இதுதான் இலக்கு. அது முடியாத இடத்தில் எண்ணைத் துரத்தி அவதிப்படாதீர்கள், ஏறி இறங்காமல் ஒரே சீராக வைப்பதற்கு முயலுங்கள், 65 சதவீதத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டவிடாதீர்கள், அதற்கு மேல் பூஞ்சை வரும். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், பரண் வேண்டாம், தரையில் நேராக வைக்க வேண்டாம். வீட்டின் நடுவில் இருக்கும் உள் அலமாரி பெரும்பாலும் போதும். ஈரமான நாளில் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பா ஆபத்து, அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்டால் அவ்வப்போது எடுத்து உலர்த்த வேண்டும், போட்டுவிட்டு மறந்தால் அது வெறும் மணல். அந்துருண்டை போடவே போடாதீர்கள். வாசனை தாளில் ஏறி இறங்காது, சில வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். ராமபாணப் பூச்சி தொல்லை இருந்தால் அதற்கு ஈரத்தைக் குறைப்பதுதான் மருந்து.

உறை. பிசுபிசுவென்று ஆகிவிட்டது என்றீர்களே, அது பெரும்பாலும் பிவிசி, அதை இளக்கமாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிகிறது. அதிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். மாற்றாக பாலிப்ரொப்பிலீன் உறை போதும், ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிரந்தரமாக வேண்டும் என்றால் பாலியெஸ்டர், கடையில் 'மைலார்' என்றுதான் கேட்க வேண்டும், மெலினெக்ஸ் 516 என்றும் போட்டிருப்பார்கள். 2 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் சாதாரண இதழுக்கு, 4 மில் முக்கியமானதுக்கு. இதழுக்குப் பின்னால் உள்ளே வைக்கும் போர்டும் (கெட்டி அட்டை) அதே அளவு முக்கியம், ஏன் அதற்கும் மேல்கூட, ஏனென்றால் இதழைத் தொட்டுக்கொண்டே இருப்பது அதுதான். 'அமிலமற்றது' என்று எழுதியிருப்பது செய்யும்போது இருந்த நிலைமை மட்டுமே. அமிலத்தை முறிக்கும் கால்சியம் கார்பனேட் சேர்த்த 'பஃபர்டு' போர்டாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளே முழுக்கச் சேர்த்ததாக. சில மலிவான போர்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சு இருக்கும், அப்படியானால் வழுவழுப்பான பக்கம் இதழைப் பார்த்து இருக்க வேண்டும்.

பெட்டியில் நிற்க வைத்தே அடுக்குங்கள். சாய இடம் இருந்தால் முதுகு வளையும், இறுக்கித் திணித்தால் எடுக்கும்போது மூலை போகும். பெட்டி நிறையவில்லை என்றால் மீதி இடத்தில் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்து நிறுத்துங்கள்.


மஞ்சள்தாள் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஸ்லாப் காற்றுப் புகாதது இல்லை என்பது எனக்குப் பெரிய செய்தி. டேப் ஒட்டிய நாலைந்தை என்ன செய்வது, உரித்து எடுக்கலாமா? ஹேர் டிரையர் காட்டினால் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிரஸ்ஸிங் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.


ஸ்பைன்டிக் எழுதியது:

பிரஸ்ஸிங் என் பக்கம், நான் சொல்கிறேன்.

இதழைக் கொஞ்சம் ஈரப்பதம் ஏற்றி இழையை இளக்கி, சூடான தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, அழுத்தத்திலேயே ஆறவிடுவது. மை உடையாத வளைவு, விரல் பதிந்த பள்ளம், அலை, லேசான முதுகுச் சுருட்டல், இதெல்லாம் போகும். நடுப்பக்கம் சொன்ன அந்த வெள்ளை தெரிகிற மடிப்பு போகாது. கிழிசல், கறை, மஞ்சள், துரு எதுவும் போகாது. எதையும் சேர்க்கவில்லை என்பதால் சிஜிசி இதை ரெஸ்டோரேஷனாக எடுத்துக்கொள்வதில்லை, நீல லேபிளே வரும். இது சரியா தவறா என்று வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது, அதில் நான் இறங்கப் போவதில்லை.

கெடுக்குமா என்றால், தெரியாதவர் கையில் கெடுக்கும். சூடு அதிகமானால் அட்டையின் மை எதிர்த்தாளில் ஒட்டும். ஈரம் அதிகமானால் பின் துருப்பிடிக்கும். அழுத்தம் அதிகமானால் பின்னின் தடம் அடுத்தடுத்த தாள்களில் பதியும். இன்னொன்று, அட்டை ஒரு மயிரிழை சுருங்கி உள்தாள்கள் ஓரத்தில் விசிறி மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும், 60களின் மார்வெல் இதழ்களில் இதை நிறையப் பார்க்கலாம். ஒரு முறை அப்படி ஆனால் திரும்பாது. ஓரம் நொறுங்கும் நிலைக்கு வந்த தாளைப் பிரஸ் செய்யவே கூடாது. வீட்டு இஸ்திரிப் பெட்டியை இதழ்கள் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

9.2 வரக்கூடியதை 9.6க்குத் தள்ளுவதற்குப் பிரஸ்ஸிங் அர்த்தமுள்ளது. 4.0 இதழை 4.5 ஆக்குவதற்கு, அந்த இதழ் மிகப் பெரியதாக இருந்தால் மட்டும்.

ஸ்லாப் விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உள்ளே இதழ் கொஞ்சம் தளர்வாக இருந்தால், வழியில் பார்சலைத் தூக்கிப் போடும்போது உள்ளே குலுங்கி மூலையும் பின் இருக்கும் இடமும் அடிபடும். 9.8 என்று லேபிள், உள்ளே 9.8 இல்லை. தடிமனான, சதுர முதுகு கொண்ட சிறப்பிதழ்களுக்கு இது அதிகம். அதனால் ஸ்லாப் வாங்கும்போது எண்ணைப் படித்துவிட்டுத் திருப்தியாகாமல் உள்ளே இருக்கும் இதழைப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வானவில் மாதிரி வளையங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு பிளாஸ்டிக் பரப்பு ஒட்டி நிற்கும் இடத்தில் வரும் நியூட்டன் வளையம்தான், இதழில் எதுவும் இல்லை. கூட்டின் ஓரத்தில் நெம்பிய தடம், வெள்ளையாக வெடிப்பு இருந்தால் பயப்படுங்கள். லேபிளிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, படம் இருந்தால் ஸ்பைன் டிக் ஸ்பைன் டிக்காக ஒப்பிடுங்கள். கூட்டைத் திறந்து இதழை மாற்றிய மோசடிகள் நடந்திருக்கின்றன.


வாசகன்_மட்டும் எழுதியது:

எல்லோரும் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஒருவர்கூட 'படித்துப் பாருங்கள்' என்று சொல்லவில்லை. கதைப் புத்தகத்தை யாருமே திறக்க முடியாத பெட்டியில் போட்டு அட்டையை மட்டும் பார்ப்பதற்குப் பேர் சேகரிப்பா? அதற்கு ஒரு போஸ்டர் வாங்கி மாட்டிவிடலாமே. மாமா டேப் ஒட்டியதே அவர் அதைப் பலமுறை படித்ததால்தான். எண்ணெல்லாம் இரண்டு மூன்று பேர் சில நிமிடம் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். அதே இதழைக் கூட்டை உடைத்து மறுபடி அனுப்பினால் வேறு எண் வருகிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.


நடுப்பக்கம் எழுதியது:

வாசகன், அபிப்பிராயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2000இல் சிஜிசி வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். விற்பவர் நியர் மின்ட் (ஏறக்குறைய புத்தம்புதிது) என்பார், வாங்கியவர் பிரித்துப் பார்த்தால் வேறு ஏதோ இருக்கும். ஓரத்தைக் கத்தியால் வெட்டிக் கூர்மையாக்கியது, மார்க்கரால் கறுப்பைத் தொட்டது, எல்லாம் சொல்லாமலே கைமாறும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இதழை எண்ணிப் பார்த்து, வெட்டினதா தீட்டினதா என்று எழுதித் தருகிறார் என்பது பெரிய விஷயம். தூரத்திலிருந்து வாங்க முடிவதே அதனால்தான். 2014இல் சிபிசிஎஸ் என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனம் வந்த பிறகு போட்டியும் உண்டு.

வெட்டினதைக் கண்டுபிடிக்க வழி: அட்டையின் வெளியோரம் மற்ற தாள்களைவிடச் சந்தேகப்படும்படி வெள்ளையாக, கத்தி மாதிரி நேராக இருந்தால் யோசியுங்கள், பழைய தாளின் ஓரத்துக்குக் கொஞ்சம் பழுப்பு இருக்க வேண்டும். மை தீட்டினதை அட்டையின் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் கசிந்து தெரியும், புற ஊதா விளக்கில் அந்த இடம் மட்டும் வேறாகத் தெரியும். மஞ்சள்தாள், உங்கள் பெட்டியில் இருப்பதையும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாமாவும் யாரிடமாவது வாங்கியிருப்பார்தானே.

படிப்பதைப் பற்றி: படிப்பதற்கு மறுபதிப்புகளும் டிஜிட்டலும் தாராளமாக இருக்கின்றன. 50 வருட நியூஸ்பிரிண்டை ஆசைக்கு ஒரு முறை படிக்கலாம், தினமும் வேண்டாம்.


வாசகன்_மட்டும் எழுதியது:

பெரும்பாலான மறுபதிப்புகளில் அந்த விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் இருக்காது சார். சரி, விடுங்கள்.


தாள்வைத்தியர் எழுதியது:

வாசகன் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், நானும் அதற்காகத்தான் பழைய இதழைத் திறப்பேன்.

டேப். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். பழைய செலோ டேப்பின் பசை ரப்பர் வகை. முதலில் ஒட்டும், பிறகு இளகிப் பிசுக்காகித் தாளுக்குள் இறங்கும், கடைசியில் காய்ந்து பழுப்பாகி நொறுங்கும். அந்த நிலையில் மேலிருக்கும் பிளாஸ்டிக் பட்டை தானாகவே கழன்று வரும், ஆனால் கறை உள்ளே இழையோடு கலந்துபோயிருக்கும். நீங்கள் சூடு காட்டினால் நடு நிலையில் இருக்கும் பசையை இன்னும் ஆழமாக இறக்கிவிடுவீர்கள், உரிக்கும்போது அட்டையின் மையும் கூடவே வரும். காகிதப் பாதுகாப்பாளர் ஒருவர் சூடான தட்டைக் கரண்டி (ஸ்பேட்டுலா), பசைக்கேற்ற கரைப்பான் என்று படிப்படியாக எடுப்பார், அப்புறம் கிழிசலை ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வைத்து இணைப்பார். அந்தப் பசையை வேண்டும்போது தண்ணீரால் கழற்ற முடியும், அதுதான் முக்கியம். அப்படிச் செய்தது கிரேடிங்கில் மறையாது, 'கன்சர்வ்டு' என்று தனி லேபிள் வரும், அது ஊதாவைவிடக் கௌரவமானது. இதழ் அந்தச் செலவுக்குத் தகுதியானதா என்று பாருங்கள், இல்லையென்றால் டேப்போடு அப்படியே மைலாரில் போடுங்கள். பக்கத்து இதழில் பசை படாமல் இருந்தால் போதும். புதிதாக எந்த டேப்பும் ஒட்டாதீர்கள், 'ஆவணக் காப்பகத் தரம்' என்று பெட்டியில் போட்டிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லேமினேட் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கூடாது.

துருப்பிடித்த பின்னை நீங்களாகக் கழற்றாதீர்கள். துரு தாளை அரிக்கும் என்பது உண்மை, ஆனால் வேகம் ஈரத்தைப் பொறுத்தது, வறண்ட இடத்தில் வைத்தால் அது அநேகமாக அப்படியே நிற்கும். பின்னைக் கழற்றினாலோ மாற்றினாலோ கிரேடிங்கில் அதற்கும் குறிப்பு வரும்.


மஞ்சள்தாள் எழுதியது:

பார்த்துவிட்டேன். 70களின் இதழ்களில் இரண்டில் ஸ்டாம்ப் வெட்டியிருக்கிறது, மாமாவிடம் கேட்டதற்குச் சிரிக்கிறார். ஒன்றில் நடுத்தாளே இல்லை. அட்டை மட்டும் பார்த்தால் அதைத்தான் முதலில் அனுப்பியிருப்பேன். கிரேடிங்குக்கு இப்போதைக்கு மூன்றே மூன்றைத்தான் ஒதுக்கியிருக்கிறேன், அதுவும் ஈரமானியும் மைலாரும் வாங்கிய பிறகு. கடைசியாக ஒரு கேள்வி, அந்தப் பிசுபிசுப்பு உறையில் ஒன்று அட்டையோடு லேசாக ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது. எப்படி எடுப்பது?


தாள்வைத்தியர் எழுதியது:

மேலிருந்து உருவாதீர்கள். உறையை மேசையில் கிடத்தி, அட்டை படாத ஓரமாகப் பார்த்து மூன்று பக்கமும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் வெட்டி, உறையை ஒரு தாள் மாதிரி விரித்துத் திறங்கள். பின்பக்கம் போர்டு இருந்தால் அதோடு சேர்த்தே தூக்குங்கள். ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக்கை நேராக மேலே தூக்காமல், அதன் மேலேயே மடக்கி, மிகத் தாழ்வாக, மெதுவாகப் பின்னோக்கி உருட்டுங்கள். மை பிளாஸ்டிக்கில் துளி வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒட்டிய துண்டை மட்டும் விட்டுச் சுற்றி வெட்டிவிட்டு, மேலே ஒரு சிலிக்கான் பூசிய தாளை வைத்து, மற்றதோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அவசரமில்லை, இத்தனை வருடம் இருந்தது இன்னும் சில மாதம் இருக்கும், ஆள் கிடைத்ததும் காட்டலாம்.


ஸ்பைன்டிக் எழுதியது:

புது உறையில் போடும்போது ஒன்று. மேல் மடிப்பை ஒட்டும் டேப்பை இதழை வெளியே எடுக்கும்போது முழுக்கக் கழற்றிவிடுங்கள், உறையின் வாயில் தொங்கவிட்டுக்கொண்டு உருவாதீர்கள். அட்டை அதில் மாட்டிக் கிழிவது அடிக்கடி நடப்பது. மடிப்பைப் போர்டுக்குப் பின்னால் செருகிவிட்டால் டேப்பே தேவையில்லை.